பழைய அராமிஸ், புதிய அராமிஸ்: உண்மையில் மாறியது எது?

உப்புவெளியான்:

அராமிஸ் என்ற ஆண்கள் கொலோன் பாவிக்கிறவர்களிடம் ஒரு கேள்வி. என்னிடம் இப்ப இரண்டு போத்தல் இருக்கு. பழையது ஊற்றிப் பூசுகிற வகை, திருகு மூடி, பெட்டி இல்லை, கால்வாசி குறைஞ்சிருக்கு, திரவம் கடும் பழுப்பு. புதியது 110 மில்லி, விசிறுகிற வகை. பழையதைத் திறந்தவுடன் நகப்பூச்சு நெடி அடிக்குது. பத்து நிமிசம் போனால் தோல், பாசி, வேர்வை கலந்த ஒரு கனதி வருது. புதியதில் அந்த நெடி இல்லை, ஆனால் தோல் மணம் மெலிஞ்சு போய்ப் பச்சிலைதான் (பச்சோலி) முன்னுக்கு நிக்குது. எங்க வாசிச்சாலும் 'ரீஃபோர்முலேஷன் (கலவைக் குறிப்பு மாற்றம்) செய்து கெடுத்துப்போட்டாங்கள்' எண்டுதான் இருக்கு. அப்படி என்னத்தைத்தான் மாத்தினவங்கள்? இன்னொரு பழைய போத்தலும் விலைக்கு வருது. வாங்கலாமா?

பழைய போத்தல்:

தம்பி, 'மாத்திப்போட்டாங்கள்' என்று சொல்ல முன்னம் மூன்று விசயத்தைப் பிரிச்சுப் பார்க்க வேணும். திரவத்துக்கு வயது போனதால் வந்த மாற்றம் ஒன்று. மூடி வழியாக அற்ககோல் பறந்து மிச்சம் செறிவானது இன்னொன்று. கலவைக் குறிப்பையே மாற்றியது மூன்றாவது. இணையத்தில் வருகிற தீர்ப்பில் பாதிக்கு மேல் முதல் இரண்டையும் மூன்றாவதின் தலையில் கட்டி விடுகிற கதை.

முதலில் பின்னணி. அராமிஸ் 1964இல் எஸ்தே லோடர் நிறுவனம் ஆண்களுக்கென்று கொண்டுவந்தது. செய்தவர் பெர்னார்ட் ஷான். அதே கை 1959இல் மடாம் க்ரே என்ற பாரிஸ் ஆடை வடிவமைப்பாளருக்காகச் செய்த கபோஷார் என்ற பெண்கள் வாசனையின் எலும்புக்கூடுதான் இதிலும் இருக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து மணந்தால் அடிப்பகுதி ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியும். தோல் வாசனையின் பரம்பரை இன்னும் பழசு: கரோன் நிறுவனத்தின் தபாக் ப்ளோன் 1919, செலியே அம்மையாரின் பாண்டி 1944. பிரான்சின் கிராஸ் ஊர்க் கையுறைக்காரர் தோல் பதனிட்ட நாற்றத்தை மறைக்க வாசனை ஏற்றிய காலத்தோடு இதன் வேர் இருக்கு.

தோல் என்ற மணம் தோலில் இருந்து எடுப்பதில்லை. அராமிஸில் அதைத் தருவது பெரும்பாலும் ஐசோபியூட்டைல் குயினோலின் என்ற செயற்கைப் பொருள். பச்சையாக, கசப்பாக, மண்ணும் வேரும் சேர்ந்த கடுமை. பாண்டியிலும் இதே பொருள்தான் அள்ளிப் போடப்பட்டது. ரஷ்யத் தோல் வகையில் பேர்ச் மரத் தார், அதாவது புகைக் கறுப்பு. அராமிஸில் புகை குறைவு, கசப்பும் பாசியும் கூட. மேலே, அதாவது முதலில் எழுகிற மணமாக, அல்டிஹைட்டு என்ற செயற்கைப் பொருட்கள், பேர்கமொட் என்ற எலுமிச்சை இனப் பழத்தோல் எண்ணெய். நடுவில் சின்னச்சீரகம், கராம்பு. அடியில் பச்சிலை, வெட்டிவேர், ஓக் பாசி, கஸ்டோரியம் என்ற விலங்குப் பொருள்.

இதில் எது கெடும், எது கெடாது என்று தெரிந்தால் உங்கள் பழைய போத்தல் தானே கதை சொல்லும். பேர்கமொட்டில் உள்ள லிமொனீன், லினலூல் போன்றவை காற்றுப் பட்டால் ஒட்சியேறும். அல்டிஹைட்டுகள் அமிலமாக மாறும். நீங்கள் சொல்கிற நகப்பூச்சு நெடி இந்த மேல்தட்டு செத்ததன் அடையாளம், அந்தக் காலத்தில் யாரும் அப்படி ஒரு மணத்தை வாங்கவில்லை. குயினோலின், பச்சிலை, வெட்டிவேர், பாசி எல்லாம் பல பத்தாண்டு தாக்குப்பிடிக்கும். ஆகவே பழையதின் முதல் பத்து நிமிசத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான் கணக்கு.

மூக்குக்காரி:

பழைய போத்தல் அண்ணா சொன்ன இரண்டாவது விசயத்தை அளந்தே பார்க்கலாம். 0.01 கிராம் காட்டுகிற நகைத் தராசு வேணும். அலுமினியத் தாளில் சின்னக் கிண்ணம் இரண்டு செய்து, வெறுங்கிண்ணத்தின் எடையை எழுதி வையுங்கோ. ஒன்றில் பழையது 2.00 கிராம், மற்றதில் புதியது 2.00 கிராம். ஒரே மேசையில், மின்விசிறி நேரே படாமல், அடுப்புக்கும் விளக்குக்கும் எட்ட, ஆறு மணித்தியாலம் திறந்து விடுங்கோ. அற்ககோலும் தண்ணீரும் போய் எண்ணெய் மிஞ்சும். எடுத்துக்காட்டுக்கு, புதியதில் 0.16 கிராம் மிஞ்சி பழையதில் 0.24 மிஞ்சினால் பழையது ஒன்றரை மடங்கு செறிவு. அப்ப 'பழையது கனதி' என்பதில் பெரிய பங்கு அற்ககோல் பறந்ததற்கோ, முதலிலேயே கூடிய செறிவில் விற்றதற்கோ போகும். கலவைக் குறிப்புக்கு இல்லை.

மழைக்காலத்தில் இதைச் செய்ய வேண்டாம். வாடைக் காற்று அடிக்கிற நாளில் ஈரம் எடையைக் கூட்டும். வெயில் காலத்துக் காலைப்பொழுது நல்லது. எந்த நாள் என்றாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்தால்தான் ஒப்பிடலாம்.

ஒப்பிட்டு மணக்கும்போது அந்த வித்தியாசத்தைச் சமப்படுத்த வேணும். போத்தலுக்குள் எதையும் ஊற்ற வேண்டாம். பழையதில் 1 கிராமைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, மேலே சொன்ன கணக்கு என்றால் 0.5 கிராம் மணமில்லாத எதனோல் சேர்த்து, ஒரு நாள் மூடி வைத்து அதைத்தான் தாளில் விடவேணும். கடையில் விற்கிற கை கழுவும் ஸ்பிரிட் பாவித்தால் அதன் மணம் எல்லாவற்றையும் கெடுக்கும்.

உப்புவெளியான்:

நன்றி அக்கா. தாளில் விடுகிறது எப்படி? கையில் பூசினால் இரண்டு நிமிசத்தில் இரண்டும் கலந்து குழம்புது.

மூக்குக்காரி:

கை வேண்டாம். மினுக்கம் இல்லாத தடித்த தாளை, நீர்வர்ணம் தீட்டுகிற தாள் என்றால் வடிவு, ஒரு சென்ரிமீற்றர் அகலம் பன்னிரண்டு நீளத்தில் வெட்டுங்கோ. நுனியில் இரண்டு துளி, இரண்டு தாளிலும் ஒரே அளவு. விசிறுகிற போத்தல் என்றால் முதலில் குப்பிக்குள் விசிறி, அதிலிருந்து கண்ணாடிக் குழாயால் துளி எடுக்க வேணும். நேரே தாளில் விசிறினால் ஒரு அமுக்கில் எவ்வளவு வருது என்பது போத்தலுக்குப் போத்தல் மாறும், ஒப்பீடு அதோடு போச்சு.

தாளின் மறுபக்கம் இலக்கம் போட்டு, எது எது என்று வீட்டில் வேறு ஒருவர் மட்டும் எழுதி வைத்திருக்கட்டும். இதைத் தவிர்க்காதேங்கோ. 'இது பழசு' என்று தெரிந்த மூக்கு பழசின் பக்கமே சாயும். 5 நிமிசம், 30 நிமிசம், 2 மணித்தியாலம், 6 மணித்தியாலம், மறுநாள் காலை என்று ஐந்து தடவை மணந்து உடனே எழுத வேணும். ஒரே அமர்வில் நாலு தாளுக்கு மேல் போனால் மூக்கு களைச்சுப் போகும். இடையில் கோப்பிக்கொட்டை வேண்டாம், அதுவும் இன்னொரு கனமான மணம். உங்கள் சட்டைக் கையையே மணந்து விட்டுத் திரும்பி வந்தால் போதும்.

இன்னொன்று: ஒரே போத்தலில் இருந்து எடுத்த இரண்டு தாளையும் நடுவில் கலந்து வையுங்கோ. ஒன்றே ஆன இரண்டையும் வேறு வேறு என்று எழுதினீர்கள் என்றால் அன்றைய குறிப்பு முழுக்க நம்ப முடியாது.

தம்பலகாமத்தான்:

மூன்றாவது விசயம், குறிப்பை உண்மையில் மாற்றியது. அதில் எதெது வற்புறுத்தலால் மாறியது என்று சொல்லலாம்.

ஓக் பாசி முதலாவது. அது பாசி இல்லை, லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்கிற உயிர். அதன் சாற்றில் உள்ள அட்ரனோல், குளோரோஅட்ரனோல் இரண்டும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும் என்று தெரிந்த பிறகு, இஃப்ரா எனும் சர்வதேச வாசனைப் பொருள் சங்கம் முடிந்த சரக்கில் பாசிச் சாற்றை 0.1 வீதத்துக்குக் குறைத்தது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் அந்த இரண்டு பொருளையுமே தடை செய்தது: 2019 ஓகஸ்ட் 23 முதல் புதிதாகச் சந்தைக்கு விட முடியாது, 2021 ஓகஸ்ட் 23 முதல் கடைத் தட்டிலும் வைக்க முடியாது. இப்போது வருகிற பாசிச் சாறு இவற்றைக் கழித்தது. கழிக்கிறபோது அந்த ஈர மை நெடியும் கொஞ்சம் போய்விடும். உங்கள் புதிய போத்தலில் பச்சிலை முன்னுக்கு வந்தது போலத் தெரிவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பச்சிலையைக் கூட்டாமலே, அதை மூடிக்கொண்டிருந்த பாசி விலகினால் அது வெளியே தெரியும்.

கஸ்தூரி இரண்டாவது. பழைய காலத்துச் செயற்கைக் கஸ்தூரி வகையில் மஸ்க் அம்ப்ரெட் இருந்தது. அது வெயிலோடு சேர்ந்து தோலைப் பாதிக்கிறது என்று கண்டு 1995இல் ஐரோப்பாவில் தடை செய்தார்கள். மூன்றாவது கஸ்டோரியம், பீவர் என்ற விலங்கின் சுரப்பிப் பொருள். இப்போது பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் கட்டிய போலி. பேர்ச் தாரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் இருப்பதால் சுத்திகரித்தது மட்டும்தான் அனுமதி. அது அராமிஸைவிட ரஷ்யத் தோல் வகைகளை அதிகம் அடித்தது.

ஐசோபியூட்டைல் குயினோலினுக்கு இப்படி ஒரு தடையும் இல்லை. அதனால்தான் எவ்வளவு மாறினாலும் அராமிஸை இன்றைக்கும் அராமிஸ் என்று கண்டுபிடிக்க முடிகிறது. 'முழுக்கக் கொன்றுவிட்டார்கள்' என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எலும்பு அப்படியே இருக்கு, சதை குறைந்தது.

கிண்ணியா அத்தர்க்காரர்:

தம்பலகாமத்தார் பாசியைப் பற்றிச் சொன்னதற்கு ஒரு சேர்க்கை. ஷமாமா அத்தர் காய்ச்சுகிற மூலிகைகளில் சரீலா என்று ஒன்று போடுவார்கள். அதுவும் லைக்கன். பிரியாணி மசாலாவில் போடுகிற கல்பாசி அதே இனம். ஓக் பாசிக்கும் அதற்கும் குடும்பம் ஒன்று, பார்மீலியா குடும்பம். பாசியின் மணம் எப்படி என்று தெரியாதவர் நல்ல கல்பாசியைக் கையில் கசக்கி, இளஞ்சூட்டு நீர் இரண்டு துளி விட்டு மணந்தால் அராமிஸின் அடியில் எதைத் தேட வேணும் என்று புரியும். ஓக் பாசி அதைவிட இனிப்பும் ஈரமும் கூடியது.

அற்ககோல் வேண்டாம் என்று அத்தர் மட்டும் பாவிக்கிற நம்மட ஆட்கள் கேட்கிறது, இதே தோல் வாசனையை எண்ணெயில் எடுக்கலாமா என்று. அராமிஸ் போத்தலைத் திறந்து வைத்து அற்ககோலைப் பறக்கவிட்டு மிச்சத்தை எண்ணெயில் கலக்கிற வேலை சரிவராது. மேல்தட்டு அற்ககோலோடு சேர்ந்து போயிடும், மிச்சம் ஒட்டுகிற பிசின். சந்தன எண்ணெயில் கட்டுகிறது நல்லது. ஐசோபியூட்டைல் குயினோலினை நேரே தொடாதீங்க. 1 கிராம் எடுத்து 99 கிராம் ஐசோபுரொபைல் மிரிஸ்டேட் என்ற மணமில்லாத கரைப்பானில் கரைத்து ஒரு வீதக் கரைசலாக்குங்க. நேர்த்துளி ஒன்று மேசையில் பட்டால் அந்த அறையே நாள் கணக்கில் கசக்கும். 5 கிராம் சந்தன எண்ணெய்க்கு அந்தக் கரைசல் 0.2 கிராமில் தொடங்கி, ஒரு கிழமை ஊறவிட்டு மணந்து பார்த்துக் கூட்டுங்க. லாப்டனம் என்ற செடிப் பிசினும் வெட்டிவேர் எண்ணெயும் ஒவ்வொரு துளி போட்டால் உருண்டு வரும். அராமிஸ் கிடைக்காது, ஆனால் அந்தக் கசப்புத் தோல் கிடைக்கும்.

பழைய போத்தல்:

அத்தர்க்கார நானா சொன்ன கல்பாசி வழி நல்ல வழி. இனி வாங்குகிற கேள்விக்கு வருவோம். எந்தக் காலத்துச் சரக்கு என்று தெரியாமல் காசு கொடுக்கக் கூடாது.

எஸ்தே லோடர் சரக்கின் அடியில் மூன்று இடங்கள் கொண்ட குறியீடு இருக்கும். முதலாவது எழுத்து ஆலை, இரண்டாவது மாதம்: 1 முதல் 9 வரை இலக்கம், ஒக்டோபருக்கு ஏ, நொவெம்பருக்கு பி, டிசெம்பருக்கு சி. மூன்றாவது ஆண்டின் கடைசி இலக்கம். அது 4 என்றால் 1994உம் ஆகலாம், 2004உம் ஆகலாம், 2014உம் ஆகலாம். பத்தாண்டைப் பெட்டிதான் சொல்லும்.

பெட்டியில் கோட்டுக் குறியே (பார்கோட்) இல்லையா, பெரும்பாலும் 1980களோ அதற்கு முன்னரோ. கோட்டுக் குறி இருந்து, லிமொனீன், லினலூல், யூஜெனோல் என்று ஒவ்வாமைப் பொருள் வரிசை இல்லையா, 2005க்கு முந்தியது என்று எடுக்கலாம். ஐரோப்பாவில் அந்த ஆண்டு முதல் 26 பொருளைப் பெயர் போட்டுக் காட்ட வேண்டிவந்தது. திறந்த டப்பா படமும் '36 மாதம்' போன்ற குறியும் அதே காலத்தில் வந்தவை. வரிசையில் ஹைட்ரொக்சிஐசோஹெக்சைல் 3-சைக்ளோஹெக்சீன் கார்பொக்சால்டிஹைட் என்று நீளப் பெயர் கிடந்தால் 2021க்கு முந்திய அச்சு. பியூட்டைல்பீனைல் மீதைல்புரோப்பியனல் கிடந்தால் 2022 மார்ச்சுக்கு முந்தியது. எவர்னியா புருனாஸ்திரி என்று இருந்தால் ஓக் பாசி போட்டிருக்கு, எவர்னியா ஃபர்ஃபுரேசியா என்றால் மரப்பாசி.

விற்கிறவரிடம் கேட்க வேண்டியது: அடிப் படம், மூடியைக் கழற்றிய படம், வெளிச்சத்துக்கு நேரே பிடித்த படம். திரவம் கலங்கியோ அடியில் மண்டி தங்கியோ இருந்தால் விடுங்கள். பழுப்பு மட்டும் குற்றமில்லை. பழைய வரிசைகளில் சவரத்துக்குப் பிந்திய திரவமும் கொலோனும் ஒரே சாயல் போத்தலில் வரும். பெயருக்குக் கீழே உள்ள சின்ன எழுத்தை வாசித்துவிட்டுத்தான் விலை பேச வேணும். அராமிஸ் 900 என்பது 1973இல் வந்த வேறு வாசனை, ரோசாவும் பச்சையும் கூடியது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

என்னுடைய கருத்து: விசிறுகிற முனை வைத்து அழுத்தி மூடிய 1990களின் போத்தல், பெட்டியோடு வந்தால் வாங்குங்கள். ஊற்றுகிற வகை, பாதி காலி, பெட்டி இல்லை என்றால் வேண்டாம். விசிறுகிற போத்தலுக்குள் காற்றுப் புகுவது மிகக் குறைவு, ஊற்றுகிற போத்தல் ஒவ்வொரு தடவையும் வாய் திறந்து மூச்சு விடுகிறது.

நிலாவெளி மருந்தாளர்:

ஒருவரும் சொல்லாத ஒன்று, இந்த ஊருக்கு முக்கியமானது. பழைய கொலோனைக் கழுத்தில் பூசிக்கொண்டு வெயிலில் இறங்கக் கூடாது. பழைய பேர்கமொட் எண்ணெயில் பேர்கப்டென் என்ற பொருள் இருக்கும். தோலில் அது இருக்கும்போது சூரியனின் புறஊதாக் கதிர் பட்டால் சிவந்து, பிறகு கறுப்புத் தழும்பாக, ஒழுகின கோட்டின் வடிவத்திலேயே மாதக் கணக்கில் நிற்கும். இப்போதைய சரக்கில் அதைக் கழித்த எண்ணெய்தான் போடுகிறார்கள். தம்பலகாமத்தார் சொன்ன மஸ்க் அம்ப்ரெட்டும் வெயிலோடு சேர்ந்தால் ஒவ்வாமை தரும். சவரம் செய்த முகத்தில் பூசிய ஆண்களுக்குத்தான் அது அதிகம் வந்தது.

பழையதைப் பாவிப்பதென்றால் சட்டைக்குள், நெஞ்சில் மட்டும். அல்லது துணியில். ஆனால் கடும் பழுப்பாகிய திரவம் வெள்ளைச் சட்டையிலும் வேட்டியிலும் கறை விடும், கழுவினாலும் மஞ்சள் போகாது. கறுப்புச் சட்டையின் உள்மடிப்பு, கைக்குட்டை இவை பாதுகாப்பு. முதல் தடவை முழங்கையின் உட்புறம் ஒரு துளி வைத்து இரண்டு நாள் மூடிப் பார்த்து, அரிப்பு இல்லை என்றால் மட்டும் தொடருங்கள்.

தம்பலகாமத்தான்:

இதைப் புதியவர்கள் கட்டாயம் வாசிக்க வேணும், நன்றி.

வெக்கையில் பாவிக்கிற அளவு பற்றியும் ஒரு சொல். மே தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பகல் 35 பாகையைத் தொடும். தோல் சூடானால் குயினோலின் வேகமாகக் கிளம்பும், சின்னச்சீரகம் வேர்வையோடு சேர்ந்து பக்கத்தில் இருப்பவரை முகம் சுளிக்க வைக்கும். பஸ்ஸில் போகிறவர் ஒரு அமுக்கு, சட்டைக்குள், புறப்பட அரை மணித்தியாலத்துக்கு முன். அராமிஸின் காலம் இங்கே கார்த்திகை தொடங்கித் தை வரை. மழையீரம் உள்ள காற்றில் பாசி விரிந்து நிற்கிற அழகு வேறு எந்த மாதத்திலும் வராது.

உப்புவெளியான்:

மருந்தாளர் ஐயா, நல்ல வேளை சொன்னீங்கள், கழுத்துக்கு இனி இல்லை. கடைசியா, இந்தப் பழைய போத்தலை எப்படிக் காப்பாத்துறது? மூடிக்குள்ள இருந்த அட்டை உதிர்ந்து போச்சு. வீடு ஓட்டு வீடு, பகலில் அறை கொதிக்கும். பிரிட்ஜில் வைக்கலாமா?

பழைய போத்தல்:

காற்றிடத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. கால்வாசி காலியான போத்தலில் அவ்வளவு இடத்திலும் காற்று, அதில் ஒட்சிசன். 10 அல்லது 30 மில்லிக் கண்ணாடிக் குப்பிகள் எடுத்துக் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். மழுங்கின ஊசி போட்ட சிரிஞ்சால் மாற்றலாம், ஆனால் திரவத்தை அதற்குள் தங்கவிடாதீர்கள், உள்ளிருக்கும் இறப்பர் வாசனையைக் குடித்து ஊதிவிடும். இறப்பர்க் குமிழ் வைத்த துளிக்குழாயோடு மூடி வைப்பதும் அதே காரணத்தால் கூடாது. பிளாஸ்ரிக் குப்பி வேண்டவே வேண்டாம்.

அழகுக்காக மூலப் போத்தலிலேயே கொஞ்சம் வைக்க விரும்பினால் உதிர்ந்த அட்டையைக் கழற்றிவிட்டு, ஹார்ட்வெயார் கடையில் குழாய்க்குச் சுற்ற விற்கிற வெள்ளை டெஃப்லோன் நாடாவைக் கழுத்துப் புரியில் இரண்டு மூன்று சுற்று, மூடி இறுகுகிற திசையிலேயே சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் மூடும்போது சுருண்டு வந்துவிடும். நாடா வாய்க்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

வைக்கிற இடம்: ஓட்டு வீட்டில் அலுமாரியின் மேல் தட்டுத்தான் மிக மோசமான இடம், சூடு மேலேதான் நிற்கும். அலுமாரியின் அடித்தட்டு, வெயில் படாத உட்சுவர் ஓரம், பெட்டிக்குள் பெட்டி. குளியலறை வேண்டாம். பிரிட்ஜில் வைக்கலாம், ஆனால் கதவுத் தட்டில் இல்லை, அடியில் உள்ள மரக்கறிப் பெட்டியில், தகர டப்பாவுக்குள் அடைத்து. டப்பா இல்லாமல் வைத்தால் ஈரம் கோத்து லேபல் உரியும், கருவாட்டு மணமும் தயிரும் வந்து சேரும். குளிரில் திரவம் கொஞ்சம் கலங்கினால் பயப்பட வேண்டாம், வெளியே எடுத்து அறைச்சூட்டுக்கு வரத் தெளியும். தெளியாவிட்டால்தான் கெட்டது. அடிக்கடி எடுத்து எடுத்து வைப்பது ஒரே இடத்தில் விடுவதைவிடக் கெடுதி.

மூக்குக்காரி:

இன்னொரு போத்தலைக் கொழும்பில் இருந்தோ வெளிநாட்டில் இருந்தோ எடுப்பதென்றால் விமானத் தபாலில் போடச் சொல்லாதேங்கோ, அற்ககோல் வாசனைத் திரவியம் தீப்பற்றும் பொருள், ஏற்க மாட்டார்கள். வருகிறவரின் பெரிய பெட்டியில் வரட்டும்: ஒரு போத்தல் அரை லீற்றருக்கு மேல் இல்லாமல், எல்லாமாக இரண்டு லீற்றர் வரை. கைப்பையில் என்றால் 100 மில்லிக்குள், ஆகவே 110 மில்லி அராமிஸ் கைப்பையில் போகாது.

நாடா சுற்றி மூடினதும் போத்தலை முழுசாக நிறுத்து எடையை அடியில் ஒட்டி வையுங்கோ. ஒரு மாதம் கழித்துத் திரும்ப நிறுங்கோ. அரைக் கிராமுக்கு மேல் குறைஞ்சிருந்தால் மூடி கசியுது, நாடாவைக் கழற்றிப் புதுசாச் சுற்ற வேணும்.